தீபாவளிக்குக் காத்தோ பத்தாத்: எண்ணெயைக் குறைத்து, பிள்ளைகளையும் சேர்த்துச் செய்வது எப்படி?

காட்ர் போர்ன் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு எங்கள் வீட்டில் காத்தோ பத்தாத் (சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மைதா மாவில் தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரிக்கும் நம் மொரீஷியஸ் பலகாரம்) இல்லாமல் முடியாது, ஆனால் இந்த முறை எண்ணெயில் பொரிக்க மனம் வரவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை, வீட்டுக்காரருக்குக் கொழுப்பு. பெரியவளுக்கு 9 வயது, சின்னவனுக்கு 5. போன வருடம் கடாயை எட்டிப் பார்த்தவன் கையில் எண்ணெய் தெறித்துக் கொப்புளம் வந்துவிட்டது, அன்றிலிருந்து இருவரையும் அடுப்படிப் பக்கமே விடுவதில்லை. இப்போது "நாங்களும் செய்வோம்" என்று தினமும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

ரோஸ் ஹில் அக்கா:
கடாயை எடுத்துவிட்டாலே உன் கவலை இரண்டும் தீரும் தங்கச்சி. நான் மூன்று வருடமாகத் தோசைக்கல்லில்தான் சுடுகிறேன், லேசாக எண்ணெய் தடவினால் போதும். கிழங்கைத் தோலோடு வேகவை. உரித்து வேகவைத்தால் தண்ணீர் கோத்துக்கொண்டு மாவை நிறைய இழுக்கும், அப்புறம் சுட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தோல் உரிப்பதும் மசிப்பதும் சின்னவன் வேலை, நார் தட்டுப்பட்டால் அவனே எடுத்துப் போடட்டும். மைதா சேர்த்துப் பிசைந்ததைப் பெரியவள் தேய்த்து, டம்ளரால் வட்டம் வெட்டி, தேங்காய்ப் பூரணம் வைத்து மடிக்கட்டும். கல்லில் திருப்புவது மட்டும் நீ. ஓரத்தை முள்கரண்டியால் அழுத்துவது என் மகனுக்கு அவ்வளவு பிடிக்கும், மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு கோடாக அழுத்துவான். கோணலாக வந்தாலும் தயவுசெய்து திருத்தாதே, முகம் வாடிவிடும்.

போர்ட் லூயிஸ் தம்பி:
அக்கா சொன்னது சரி, ஆனால் பொரிக்காவிட்டால் எண்ணெய்தான் குறையும். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மைதாவும் அதே மாவுச்சத்துதான். சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ பேரீச்சம்பழமோ போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடாதீர்கள், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். பூரணத்தில் இனிப்பைப் பாதியாக்கி ஏலக்காயும் வறுத்த எள்ளும் கூடச் சேருங்கள், பிள்ளைகளே ருசி பார்த்துச் சொல்லட்டும். உங்கள் மாமியாருக்கு ஒன்று போதும். நம் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு, என் அப்பாவும் அதில் ஒருவர், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மத்தியானம் வாழையிலையில் ஏழு கறி வைப்பதாக இருந்தால் அதில் இரண்டுக்குக் காய் வாங்குவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். எங்கள் வீட்டுச் சின்னது சௌசௌ என்றாலே ஓடும், சந்தையில் தானே பொறுக்கி எடுத்து வந்த அன்று இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது.

காட்ர் போர்ன் அம்மா:
நேற்று இரவு அரை கிலோ கிழங்கில் செய்து பார்த்தோம். சின்னவன் மாவு ஒட்டிய கையோடு பாட்டியிடம் ஓடி "இது நான் அழுத்தினது" என்று காட்டினான், அவர் அதை ஊட்டிவிடச் சொல்லிச் சாப்பிட்டார். ஆனால் பாதிக்குமேல் கல்லிலேயே ஓரம் பிரிந்துவிட்டது அக்கா, ஏன்?

ரோஸ் ஹில் அக்கா:
பூரணம் சூடாக இருந்திருக்கும், இல்லை பெரியவள் அதிகம் வைத்திருப்பாள். நன்றாக ஆறவிட்டு ஒரு சின்ன ஸ்பூன் மட்டும் வை, மடிக்கும் முன் ஓரத்தில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவச் சொல்.