பினாங்கில் ஐந்து பேருக்கு மூன்று நாள் சாப்பாடு: கையைக் கடிக்காமல் எங்கே, எப்போது?

குளுவாங் மகள்:

வணக்கம். அடுத்த மாதம் பள்ளி விடுமுறையில் அப்பா, அம்மா, என் இரண்டு பிள்ளைகளோடு பினாங்குக்கு வருகிறேன். வியாழன் மதியம் வந்து ஞாயிறு காலை கிளம்புகிறோம். லெபோ சூலியா பக்கம் அறை போட்டாயிற்று.

அப்பாவுக்கு 71 வயது. குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் மரம் வெட்டியவர். பினாங்கை இதுவரை பார்த்ததே இல்லை. நாசி கண்டாரை, அதாவது பினாங்கின் பேர்போன சோறும் கறிக் குழம்பும், அந்த ஊரிலேயே உட்கார்ந்து ஒரு தடவை சாப்பிட வேண்டும் என்று நான் சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது, முட்டி வலியும் சேர்ந்துகொண்டது. அம்மா வெள்ளிக்கிழமை சைவம். மற்ற நாளிலும் வீட்டில் யாரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. சின்னவனுக்கு 6 வயது, காரம் ஆகாது.

சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 150 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறேன். ஐந்து பேருக்கு அது போதுமா? இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுக் கடைகள்தான் வருகின்றன. ஒரு மணி நேரம் வரிசையில் நின்றோம் என்று பெருமையாக வேறு எழுதுகிறார்கள். அப்பாவால் பத்து நிமிடம்கூட நிற்க முடியாது. பினாங்கில் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜெலுத்தோங் ஓட்டுநர்:

தங்கச்சி, 150 வெள்ளி போதும். கணக்குப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும், ஆனால் யாரும் அரை வயிற்றோடு படுக்க மாட்டீர்கள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 22 வருடம் ஷிப்டு வேலை பார்த்தவன். இப்போது ஆறு வருடமாகக் கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறேன். மூன்று வேளையில் இரண்டு வேளை எனக்கு வெளிச் சாப்பாடுதான். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அப்பாவின் நாசி கண்டார். என் தாத்தா வெல்ட் கீ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் தோளில் ஒரு கட்டையை வைத்து, ஒரு பக்கம் சோறு, மறுபக்கம் கறி என்று தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வந்து விற்பார்களாம். அந்தக் காவடிக் கட்டைக்குத்தான் மலாயில் கண்டார் என்று பேர். உடம்பை வருத்தி வேலை செய்கிறவனுக்காக வந்த சோறு அது. முப்பது வருடம் மரம் வெட்டிய ஒருவர் அதைத் தேடி எங்கள் ஊருக்கு வருகிறார் என்று படித்ததும் மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் பார்த்த பேர்களில் ஜாலான் பினாங்கு லைன் கிளியர், லெபோ கேம்பலில் 1907லிருந்து இருக்கும் ஹமீதியா, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை ஒட்டி இருக்கும் பெராத்தூர் எல்லாம் இருந்திருக்கும். பெராத்தூர் என்றாலே வரிசையில் நிற்பது என்றுதான் அர்த்தம், அப்பாவுக்கு அது வேண்டாம். மற்ற இரண்டில் எதற்குப் போனாலும் காலை 11 மணி வாக்கில் போங்கள். விடுமுறை நாளில் 12 மணி தாண்டினால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். 11 மணிக்குப் போனால் கறி சட்டி நிறைய இருக்கும், அப்பாவை முதலில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வாங்கி வரலாம். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகள் பல சாத்தியிருக்கும். ஆகவே சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். என் மைத்துனர் கோலக்கங்சாரிலிருந்து குடும்பத்தோடு வந்தபோது நடந்தது இது. கடைப் பேர் வேண்டாம். மைத்துனர் ஆசையாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் கைகாட்டினார். பெரிய இறால் இரண்டு, மீன் சினை ஒரு துண்டு, சோத்தோங் (கணவாய்). அந்த ஒரு தட்டுக்கு மட்டும் 58 வெள்ளி. பிள்ளைகள் முன்னால் அவர் முகம் சுருங்கிப் போனது இன்னும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. கூட இருந்த நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

நாசி கண்டாரில் சோறும் குழம்பும் மலிவு. தட்டில் என்ன ஏறுகிறதோ அதற்குத்தான் காசு. ஒரு கோழித் துண்டு, வெண்டைக்காய், பாதி உப்பு முட்டை என்று நிறுத்திக்கொண்டால் நான் கொடுப்பது 12 முதல் 15 வெள்ளிக்குள்தான். இறால், சினை, பெரிய மீன் தலை, இந்த மூன்றும்தான் பில்லைத் தூக்கிவிடும். கரண்டி சட்டிக்குள் போவதற்கு முன்னாலேயே "அண்ணே, இது எவ்வளவு?" என்று கேட்டுவிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை, நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, இது உங்கள் வீட்டுக்கு ரொம்ப முக்கியம். நாசி கண்டாரின் ருசியே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதில்தான் இருக்கிறது. 'குவா சம்போர்' என்பார்கள், இன்னும் நிறைய வேண்டுமென்றால் 'பஞ்ஜிர்', அதாவது வெள்ளம். அந்தக் கலவையில் மாட்டுக் கறிக் குழம்பும் ஒரு கரண்டி விழும். நீங்கள் மாட்டிறைச்சித் துண்டு கேட்காவிட்டாலும் விழும். ஆகவே "டாகிங் குழம்பு வேண்டாம், கோழிக் குழம்பும் மீன் குழம்பும் மட்டும்" என்று தட்டை எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு 'நாசி செப்பாரோ' என்றால் பாதிச் சோறு போடுவார்கள். வெண்டைக்காய், பாகற்காய், கோஸ் மூன்றில் இரண்டை எடுத்துக்கொண்டால் சோறு குறைந்த மாதிரியே தெரியாது.

காலைப் பசிக்கு ஜாலான் டிரான்ஸ்பர் பக்கம் ரோட்டோரத்தில் ரொட்டி சானாய் (பரோட்டா மாதிரி) போடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சின்னவனுக்கு ரொட்டியைச் சீனி தொட்டுக் கொடுத்தால் காரப் பிரச்சினை தீர்ந்தது. ஐந்து பேரும் தேநீரோடு சாப்பிட்டு எழுந்தால் 30 வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

தேநீர் என்றதும் அப்பா ஞாபகம் வருகிறது. சும்மா 'தே' என்று கேட்டால் கெட்டிப் பால் ஊற்றித்தான் தருவார்கள், அந்தப் பாலே முழுக்கச் சீனி. 'தே ஓ' என்றால் பால் இல்லை, ஆனால் சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' என்று சொன்னால்தான் இரண்டும் இல்லை. பால் கட்டாயம் வேண்டுமென்றால் 'தே சி கோசோங்' கேளுங்கள், இனிப்பில்லாத பால் ஊற்றுவார்கள். எனக்கும் நாலு வருடமாக இனிப்புநீர். எங்கள் ஊர் பயனீட்டாளர் சங்கம் சீனியைக் குறையுங்கள் என்று எத்தனையோ வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறது. நான் காது கொடுத்தது டாக்டர் சொன்ன பிறகுதான்.

ஊருக்குள் சுற்ற படகுத்துறையிலிருந்து கொம்தார் கோபுரம் வரை கேட் (CAT) பேருந்து ஓடுகிறது, காசு கிடையாது. அதில் மிச்சமாவதைச் சாப்பாட்டில் போடுங்கள். கிராப் ஓட்டுகிற நானே சொல்கிறேன், அந்தச் சின்னத் தூரத்துக்குக் கிராப் எடுக்காதீர்கள்.

பட்டர்வொர்த் அக்கா:

தம்பி சொன்னதெல்லாம் சரி. அம்மாவின் வெள்ளிக்கிழமையை நான் சொல்கிறேன்.

லெபோ குவீனில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது, 1833ல் கட்டியது. காலையில் அங்கே கும்பிட்டுவிட்டு அப்படியே பொடி நடையாகப் பினாங்கு ஸ்திரீட்டுக்கு வந்தால் சைவக் கடைகள் இருக்கின்றன. உட்லண்ட்ஸ் முழுச் சைவம். மதியம் வாழை இலைச் சாப்பாடு போடும் கடைகளும் அந்தப் பக்கம்தான். பெரும்பாலும் சோறும் காய்கறியும் ரசமும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். கேட்காமலே பொரித்த மீனையும் கோழியையும் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டுவந்து நீட்டினால், அதற்குத் தனிக் காசு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்று கையைக் காட்டினால் போய்விடுவார்கள்.

அம்மா ஏமாறக்கூடிய இடங்கள் சில உண்டு. ஆசாம் லக்சா என்ற புளிச்சாறு நூடுல்ஸில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சாறே மீனில்தான். அதன் மேல் கறுப்பாக ஊற்றுவது இறால் விழுது. பழ ரோஜாக்கில் அன்னாசியும் வெள்ளரியும்தானே என்று நினைப்போம், அதிலும் அதே விழுது. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் கடையில், ரொட்டிக்கு ஊற்றும் பருப்பில் சில சமயம் மீன் குழம்பும் சேர்ந்திருக்கும். 'பருப்பு மட்டும்' என்று அழுத்திச் சொல்லணும். சீனர் கடையில் சைவம் வேண்டுமானால் பலகையில் 'சாய்' என்ற சீன எழுத்து இருக்கிறதா பாருங்கள். அங்கே வெங்காயம் பூண்டுகூடப் போட மாட்டார்கள்.

செண்டோல் தைரியமாகச் சாப்பிடலாம். தேங்காய்ப் பால், பனை வெல்லம், சிவப்பு பீன்ஸ், பாண்டான் இலைப் பச்சையில் புழு மாதிரி மாவுத் துண்டுகள், அவ்வளவுதான். லெபோ கெங் குவியில் கூட்டம் நிற்கும். வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். அப்பாவுக்கு ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

தஞ்சோங் பையன்:

எல்லோரும் நம் கடைகளையே சொல்கிறீர்கள். மூன்று நாள் பினாங்குக்கு வந்து ஒரு வேளைகூடச் சீனர் காப்பிக் கடையில் உட்காராமல் போவது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாட்டிறைச்சிதானே ஆகாது, பன்றியிறைச்சி பரவாயில்லை என்றால் சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்) ஒரு தட்டாவது பகிர்ந்து சாப்பிடுங்கள். கரி அடுப்பில் வறுப்பவர் கிடைத்தால் விடாதீர்கள். சின்னவனுக்கு மிளகாய் விழுது போடாமல் கேட்டால் போடாமல் தருவார்கள். பன்றிக் கொழுப்பு ஆகாதென்றால் மாமாக் அங்காடியில் மீ கோரெங் (வறுத்த நூடுல்ஸ்).

காப்பிக் கடையில் ஒவ்வோர் அங்காடிக்கும் தனித்தனியாகக் காசு கொடுக்க வேண்டும், குடிக்கிற காப்பி, தேநீர் மட்டும் கடைக்காரருடையது. அதை வாங்காமல் உட்கார்ந்தால் தலைக்கு 50 காசு கேட்கும் கடைகளும் உண்டு, சுவரில் எழுதியிருப்பார்கள். ஆர்மீனியன் ஸ்திரீட் ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே குளிர்சாதனக் கபேயில் நுழைந்தால் 6 விழுக்காடு சேவை வரி வரலாம், சில இடத்தில் அதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் வரும். ஐந்து பேர் ஆளுக்கு ஒரு காப்பியும் ஒரு கேக்கும் எடுத்தால் உங்கள் ஒரு நாள் காசில் பாதி போய்விடும். கர்னி டிரைவ் அங்காடிகள் இரவில் நன்றாக இருக்கும், ஆனால் சுற்றுலாப் பயணிகள் விலை. பாசெம்போர் (வடை, காய்கறித் துண்டுகள் மேல் குழம்பு ஊற்றும் இந்தியர் ரோஜாக்) சாப்பிட பாடாங் கோத்தா லாமா போங்கள். மாலையில் கடற்காற்று வாங்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடி விளையாடலாம், தாத்தாவுக்கு உட்காரவும் இடம் இருக்கும். அங்கும் தட்டை நிரப்பும் முன் விலை கேட்டுவிடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கணக்கு.

குளுவாங் மகள்:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவிடம் லக்சா விஷயத்தைப் படித்துக் காட்டினேன். "நல்ல வேளை, அதைத்தான் வெள்ளிக்கிழமை சாப்பிடலாம்னு இருந்தேன்" என்றார். ஜெலுத்தோங் அண்ணனிடம் ஒரு கேள்வி: இரவில் அப்பா மாத்திரை போட 7 மணிக்கே சாப்பிட வேண்டும். சூலியா பக்கம் அந்த நேரத்தில் லேசாக என்ன கிடைக்கும்?

ஜெலுத்தோங் ஓட்டுநர்:

லிட்டில் இந்தியாவில் தோசை போடும் கடைகள் அந்த நேரத்தில் திறந்திருக்கும். இரண்டு தோசை, சாம்பார், தே ஓ கோசோங். என் இரவுச் சாப்பாடும் பாதி நாள் அதுதான். லெபோ பாசார் பக்கம் அப்படியே நடந்தால் சமோசா, வடை சுடச்சுட எண்ணெயிலிருந்து எடுப்பார்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. கைப்பையில் அப்பாவுக்கு இரண்டு பிஸ்கட் எப்போதும் வைத்திருங்கள், மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் தலை சுற்றும். எனக்கு ஒரு தடவை ஜாலான் மெஸ்ஜித் நெகிரி ரோட்டில் வண்டி ஓட்டும்போதே வந்தது.

குளுவாங் மகள்:

நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தோம். சொன்னபடி எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை 118 வெள்ளி, சனிக்கிழமை 146. வியாழன் பாதி நாள்தான், கணக்கு வைக்கவில்லை.

சனிக்கிழமை 11 மணிக்கெல்லாம் போய்விட்டோம். அப்பாவை உட்கார வைத்துவிட்டு நான் வரிசைக்குப் போனால் எனக்கு முன்னால் நாலே பேர். டாகிங் குழம்பு வேண்டாம், பாதிச் சோறு, கோழி, வெண்டைக்காய், பாகற்காய் என்று தமிழில் சொன்னேன். ஊற்றியவர் எந்த ஊர் என்று கேட்டார். அப்பாவைக் கைகாட்டி, தோட்டத்தில் மரம் வெட்டியவர், இதைச் சாப்பிடத்தான் குளுவாங்கிலிருந்து வந்தோம் என்றேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை, கோழிக் குழம்பு இன்னொரு கரண்டி ஊற்றித் தட்டை அவரே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். தட்டு 13 வெள்ளி.

அப்பா பேசாமல் சாப்பிட்டார். வெண்டைக்காயைக் கடைசிக்கு வைத்துச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, நாளைக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். மதியம் இரண்டுக்கு மாற்றலாமா என்றார். ரயிலை மாற்ற முடியவில்லை, அதனால் சாயங்காலம் ஒரு பொட்டலம் கட்டி வாங்கி அறைக்குக் கொண்டு போனோம். பாதிச் சோறுதான்.