கெட்டிமேளத்தை டைம்லைனில் கண்டுபிடித்த கதை

கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கு வந்த புதிதில் மவுஸை விட்டு நான் கையை எடுத்ததே இல்லை. பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் நாலு மணி நேர முகூர்த்த ஃபுட்டேஜ் கிடக்கும். தாலி கட்டும் இடத்தைத் தேடி பிளேஹெட்டை, அதாவது ஓடும் இடத்தைக் காட்டும் கோட்டை, பிடித்து இழுப்பேன். அத்தனை நேரமும் ஒரே திரைக்குள் சுருங்கிக் கிடப்பதால், நூலளவு நகர்த்தினாலே அரை நிமிடம் தாண்டிவிடும். கண் எரியும்.

பக்கத்து சீட் அண்ணன் ஒருநாள் பார்த்துவிட்டு, "தம்பி, படத்தை விடு, சத்தத்தைப் பாரு" என்றார். ஆடியோ டிராக்கை உயரமாக விரித்துக் காட்டினார். மந்திரம் ஓதும்போது வேவ்ஃபார்ம், அதாவது சத்தத்தின் அளவைக் காட்டும் அலைக்கோடு, மெலிந்து ஓடுகிறது. நாதஸ்வரம் வந்தால் மேடும் பள்ளமும். ஓரிடத்தில் மட்டும் இடைவெளியே இல்லாமல் சுவர் எழுப்பியது போல் நிற்கிறது. கெட்டிமேளம்! அங்கே கீபோர்டில் 'எம்' தட்டி மார்க்கர், அதாவது அடையாளக் குறி, வைத்தேன். அவ்வளவுதான், தேடல் முடிந்தது.

அப்புறம் கீபோர்டில் ஜே, கே, எல் கீகள். ஜே பின்னால், எல் முன்னால், கே நிறுத்த. 'எல்' கீயை மறுபடி தட்டினால் வேகம் கூடும். 'கே' கீயை அழுத்திக்கொண்டே 'எல்' கீயைத் தட்டினால் ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது வீடியோவின் ஒற்றை ஒற்றைப் படமாக, நகரும். எங்கள் ஃபுட்டேஜில் வினாடிக்கு 25 ஃபிரேம். அப்படி நகர்த்தியபோதுதான் பார்த்தேன்: முதல் முடிச்சு விழும் நேரம், ஒரு ஃபிரேமில் ஓர் அட்சதை அரிசி மணப்பெண்ணின் கண்ணை மறைக்கிறது, அடுத்ததில் அந்தக் கண் நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்க்கிறது. மவுஸால் இழுத்திருந்தால் அந்தப் பார்வை எனக்குக் கிடைத்திருக்காது.

ஒருமுறை பெரிதாகத் தப்பும் செய்தேன். நெருங்கி ஜூம் செய்து வைத்துக்கொண்டு, 12 ஃபிரேமை ரிப்பிள் டெலீட் அடித்தேன்; அதாவது நீக்கிய இடைவெளியும் தானாக மூடிக்கொள்ளும். மேளத்தின் ஆடியோ தனி ரெக்கார்டரில் எடுத்தது. அந்த டிராக்கை மற்றவற்றோடு சேர்த்து நகர்த்தும் சிங்க் லாக் அணைந்திருந்ததை கவனிக்கவில்லை. படம் முன்னால் வந்துவிட்டது, மேளம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. ரெண்டர் போட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. மேல் அம்புக்குறியைத் தட்டித் தட்டி, கட் கட்டாகப் பின்னால் போய்த்தான் தப்பு தொடங்கிய இடத்தைப் பிடித்தேன். படத்தையும் மேளத்தையும் மறுபடி பொருத்த நாதஸ்வரக்காரர் விரல் உதவாது. தவில்காரரைப் பாருங்கள்: குச்சி தோலைத் தொடும் ஃபிரேமும் வேவ்ஃபார்மில் எழும் முள்ளும் ஒன்றாக இருக்க வேண்டும்.