மத்தியதரைக்கடல் ஈரநிலங்கள்: செயற்கைக்கோள் படங்களால் எது காப்பாற்றப்பட்டது?

வலசைப்பறவை:
வணக்கம் நண்பர்களே. மத்தியதரைக்கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் 1970க்கும் 2013க்கும் நடுவே இயற்கை ஈரநிலங்களில் 48 சதவீதம் போய்விட்டது என்று அங்குள்ள ஈரநிலக் கண்காணிப்பகம் 2018இல் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கண்காணிப்பகத்தை நடத்துவது டூர் டு வலா என்ற ஆய்வு நிலையம். தென் பிரான்சில், ரோன் ஆறு கடலில் கலக்கும் காமார்க் டெல்டாவில் சுவிஸ் பறவையியலாளர் லூக் ஹாஃப்மன் 1954இல் தொடங்கியது.

என் கட்சி இதுதான். இந்த ஈரநிலங்களைக் காப்பதற்குக் கையில் உள்ள மிகப் பெரிய ஆயுதம் செயற்கைக்கோள் படம். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972 முதல் சேர்ந்திருக்கின்றன, 2008இலிருந்து யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகின்றன. மொராக்கோ முதல் துருக்கி வரை எல்லா நாட்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேறு வழி கிடையாது. பணம் குறைவாக இருந்தால் முதலில் செலவழிக்க வேண்டியதும் இதில்தான். மறுப்பவர்கள் வாருங்கள்.

கிணற்றடி:
மறுக்கிறேன். ஸ்பெயினின் டொன்யானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1969 முதல் தேசியப் பூங்கா, 1994இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். எழுபதுகளின் நடுவிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் அதன் சதுப்பில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று லேண்ட்சாட் படங்களைக் கொண்டு கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கேயே ஆய்வு நிலையம் இருக்கிறது, தொலையுணர்வு ஆய்வகமும் இருக்கிறது. ஐரோப்பாவில் இவ்வளவு உற்றுக் கவனிக்கப்படும் ஈரநிலங்கள் அதிகம் இல்லை. என்ன ஆயிற்று? பூங்காவின் பெரிய நிரந்தரக் குளமான சாந்தா ஒலாயா 2022 கோடையில் வற்றியது. 2023இலும் வற்றியது.

காரணம் வானத்திலிருந்து தெரிகிற இடத்தில் இல்லை. பூங்காவுக்கு வெளியே வெல்வா மாகாணத்தில் ஸ்ட்ராபெரி விளைகிறது. ஸ்பெயினின் ஸ்ட்ராபெரியில் மிகப் பெரும்பகுதி அந்த ஒரு மாகாணத்திலிருந்து வருகிறது. அதற்கு வேண்டிய தண்ணீர் போர்வெல்லில் இருந்து. அனுமதி பெற்ற கிணறு, பெறாத கிணறு இரண்டும் ஒரே நிலத்தடி நீரை உறிஞ்சுகின்றன. நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கியதை எந்த சென்டினல் படமும் காட்டாது. அளவுக் கிணற்றில் கயிறு விட்டுப் பார்க்கிற ஆள்தான் சொல்ல வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள் என்கிறேன்.

பிக்சல்காரன்:
தொழில்முறையில் செயற்கைக்கோள் படங்களோடு வேலை செய்பவன் என்ற முறையில் கிணற்றடி அவர்களுக்கு ஒரு பதில். நிலத்தடி நீர் நேரடியாகத் தெரியாது என்பது சரி. ஆனால் அதன் விளைவு தெரியும். அதுவும் நீங்கள் சொன்ன டொன்யானாவிலேயே.

அங்கே மணல்மேடுகளுக்கு நடுவே மழைக்காலத்தில் மட்டும் நிறையும் சிறு குட்டைகள் ஏராளம். நிலத்தடி நீர் மேலெழுந்து மழையோடு சேரும்போது நிறையும், கோடையில் காய்ந்துவிடும். முன்னூறுக்கும் மேற்பட்ட குட்டைகளின் 34 ஆண்டு லேண்ட்சாட் வரலாற்றை ஆராய்ந்து 2023இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் சுமார் 59 சதவீதம் 2013க்குப் பிறகு ஒருமுறைகூட நிறையவில்லை. மழை குறைந்ததுதான் ஒரே காரணம் என்றால் எல்லாக் குட்டையும் ஒரே மாதிரி வற்றியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சாகுபடிப் பரப்பு கூடியது, மட்டலஸ்கான்யாஸ் என்ற கடற்கரைச் சுற்றுலா ஊரின் நீரிறைப்பு, அந்த ஊர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது, இவற்றோடெல்லாம் வறட்சி பொருந்திப் போனது. அளவுக் கிணறு அந்த ஒரு புள்ளியின் கதையைச் சொல்லும். முன்னூறு குட்டைக்கும் 1985இலிருந்து கிணறு தோண்டி வைத்தவர் யாரும் இல்லை. படம் மட்டும் இருந்தது.

கிணற்றடி:
நல்ல ஆய்வு, மறுக்க மாட்டேன். ஆனால் அது வெளிவந்தது 2023. குட்டைகள் வற்றத் தொடங்கி எத்தனையோ ஆண்டு கழித்து! நேரில் நடந்து பார்த்தவர்களுக்கு முன்பே தெரியும். தண்ணீர் வராத குட்டையின் நடுவில் முதலில் புதர் ஏறும், பிறகு பைன் கன்று முளைக்கும். ட்ரையாப்ஸ் என்ற சிறு நன்னீர் ஓட்டுயிரியின் முட்டைகள் காய்ந்த சேற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும், மழை வந்ததும் பொரிக்கும். அந்த முட்டைக் கையிருப்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அறிய ஒரு பிடி மண்ணை எடுத்து வந்து தொட்டியில் நனைத்துப் பார்க்க வேண்டும். குட்டை உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, லேண்ட்சாட்டின் ஒரு பிக்சல் 30 மீட்டருக்கு 30 மீட்டர். ஒரு குட்டையே சில சமயம் அதைவிடச் சின்னது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வாழிடச் சட்டம் மத்தியதரைக்கடல் தற்காலிகக் குட்டைகளை முன்னுரிமை வாழிடம் என்று அறிவித்திருக்கிறது. சட்டம் எதை முதலில் காக்கச் சொல்கிறதோ, அதுதான் வரைபடத்தில் முதலில் விடுபடுகிறது.

தென்கரை:
ஸ்பெயினிலேயே நிற்க வேண்டாம், கொஞ்சம் தெற்கே வாருங்கள். துனிசியாவின் இஷ்கல் ஏரியைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் ஆறுகளின் நன்னீர் நிறையும். கோடையில் நீர்மட்டம் இறங்க, டின்ஜா கால்வாய் வழியாக உப்புநீர் உள்ளே வரும். இந்த மாறிமாறி வரும் தாளத்தில்தான் கோரையும் நீர்ப்பாசியும் வளர்ந்தன. கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்ன ஐரோப்பாவிலிருந்து காட்டு வாத்துகள் வந்தன. ஆறுகளில் அணை கட்டினார்கள், நன்னீர் நின்றது, உப்பு ஏறியது, கோரை போயிற்று, வாத்தும் போயிற்று. 1996இல் யுனெஸ்கோ அதை ஆபத்திலுள்ள மரபுச் சின்னப் பட்டியலில் போட்டது. அணைகளிலிருந்து தண்ணீர் விட்டும், நல்ல மழை பெய்தும், டின்ஜாவில் மதகு இயக்கியும் நிலைமை தேறி 2006இல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

இதில் செயற்கைக்கோளின் பங்கு என்ன? கோரைப் படுகை சுருங்கியதைக் காட்டும். ஆனால் இந்த அளவுள்ள ஏரியில் உப்பு எவ்வளவு என்று காட்டாது. மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை முடிவு செய்ய உப்புமானிதான் வேண்டும். நான் எந்தப் பக்கமும் சேரவில்லை, இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

கிணற்றடி:
தென்கரை சொன்னதோடு காமார்க்கையும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது. காமார்க்கின் சதுப்பு இயல்பில் குளிர்காலத்தில் நனைந்து, கோடையில் காய வேண்டும். இப்போது ரோன் ஆற்றிலிருந்து பம்ப் வைத்து இறைத்து, நெல்லுக்கும் வாத்து வேட்டைக்கும் கோடையிலும் தண்ணீர் கட்டி வைக்கிறார்கள். படத்தில் பார்த்தால் நீலம் நீலமாக நிறைந்திருக்கும், ஈரநிலம் செழிப்பாக இருக்கிறது என்று தோன்றும். கீழே போய்ப் பார்த்தால் காயாத தண்ணீரில் வெளியூர் மீனும் அமெரிக்க நன்னீர்ச் சிங்கி இறாலும் (கிரேஃபிஷ்) பெருகி, அந்த இடத்துக்கே உரிய நீர்த்தாவரங்களை ஒழித்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பரப்பு கூடியது, ஈரநிலம் குறைந்தது. உங்கள் வரைபடம் இதை நல்ல சேதி என்று அல்லவா எழுதும்?

பிக்சல்காரன்:
ஒற்றை நாள் படத்தை வைத்து வரைந்தால் அப்படித்தான் எழுதும். அந்தக் காலம் போய்விட்டது. இப்போது கேட்பது ‘தண்ணீர் எங்கே’ என்று மட்டுமல்ல, ‘எந்த மாதம் வந்தது, எத்தனை நாள் நின்றது’ என்றும்தான். ஐந்து நாளுக்கு ஒரு படம் இருந்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நாட்காட்டியே எழுதலாம். ஜூலையில் நிறைந்து, ஜனவரியில் காயும் பிக்சலைப் பார்த்த உடனே அது மனிதர் கட்டிய தண்ணீர் என்று சொல்லிவிடலாம். நெல்வயலின் நாட்காட்டி இன்னும் தெளிவு: வசந்தத்தில் நீர், அப்புறம் பச்சை, செப்டம்பர் வாக்கில் அறுவடை. நீங்கள் சொன்ன அந்தத் தலைகீழ் மாற்றத்தை டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் அளப்பதற்கு இதைவிட நல்ல வழி உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன், யாரும் எடுக்கவில்லை. நாணலுக்கு அடியில் நிற்கும் தண்ணீர்தான் பெரிய தலைவலி. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கும், இலை அதைத் திருப்பி அனுப்பும். ஆகவே நாணல் மூடிய சதுப்பு, படத்தில் சாதாரண வயல் போலத் தெரியும். சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் ஓரளவு உதவும். அலை தண்ணீரில் பட்டுத் தண்டில் பட்டு இரட்டிப்பாகத் திரும்பும். ஆனால் நாணல் அடர்ந்துவிட்டால் அதுவும் திணறும். அங்கே களப்பணி இல்லாமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. அந்த அளவுக்குக் கிணற்றடி அவர்களோடு ஒத்துப் போகிறேன்.

வலசைப்பறவை:
தொழில்நுட்பத்தை விடுங்கள், சட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் டொன்யானா விஷயத்தில் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நிலத்தடி நீர்க் கணக்கில் சட்டவிரோத உறிஞ்சலைச் சேர்க்கவில்லை, மட்டலஸ்கான்யாஸின் நீரிறைப்பால் வாழிடங்கள் கெடுவதைத் தடுக்கவில்லை என்று. இது போதாதா?

அப்புறம் 2014இல் அந்தப் பகுதிக்கு வந்த பாசனத் திட்டம் 2004ஐ எல்லையாக வைத்தது. அதற்கு முன்பே பாசனம் நடந்த நிலத்துக்கு ஒரு சட்டம், பிறகு வந்த நிலத்துக்கு வேறு. ஒரு தோட்டம் 2004க்கு முன்பே இருந்ததா என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். ஸ்ட்ராபெரிக்குப் போடும் பிளாஸ்டிக் கூடாரம் வானத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். எந்த ஆண்டுப் படத்தில் அது முதலில் வந்தது என்று பார்த்தால் வழக்கு முடிந்தது. இன்று எவ்வளவு செலவழித்தாலும் 2003ஆம் ஆண்டின் களத்துக்குப் போய் அளந்து வர முடியாது.

கிணற்றடி:
நீங்கள் சொன்ன கடைசிப் புள்ளி வலுவானது. ஆனால் அதற்கு அடுத்து நடந்ததையும் சொல்லுங்கள். அந்த 2004 எல்லையால் வெளியே நின்றவர்களுக்குப் பாசன உரிமை தரத்தான், வெல்வா மாகாணம் அடங்கிய அந்தலூசியா பிராந்தியத்தின் நாடாளுமன்றத்தில் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவரப் பார்த்தார்கள். தீர்ப்பு வந்த பிறகு! படத்தையோ தேதியையோ யாரும் மறுக்கவில்லை, தேதியையே தேவையில்லாமல் ஆக்கப் பார்த்தார்கள். 2023 நவம்பரில் அது கைவிடப்பட்டது. அதற்கு மத்திய அரசும் அந்தலூசியா அரசும் 140 கோடி யூரோ ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது, விவசாயிகளுக்கு வேறு வழி காட்ட வேண்டியிருந்தது. என் வாதம் முழுவதும் இதில் அடங்கும். தோட்டக்காரனுக்கு மாற்றுப் பிழைப்பு காட்டாத வரை எத்தனை படம் எடுத்தாலும் கிணறு மூடாது.

வலசைப்பறவை:
அந்தத் தோட்டங்கள் எவை, எத்தனை ஹெக்டேர், எப்போது வந்தன என்று தெரியாமல் யாருக்கு எவ்வளவு இழப்பீடு தருவீர்கள்? ஒப்பந்தம் போடவும் வரைபடம் வேண்டுமே.

கிணற்றடி:
வேண்டும். அப்படியானால் கிணற்று அனுமதிப் பதிவேட்டையும் பாசன நில வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொதுவில் வெளியிடுங்கள், ஆண்டுதோறும். அந்தக் கோரிக்கைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். இன்னொரு புதிய வரைபடத் திட்டத்துக்குப் போட மாட்டேன்.

தென்கரை:
பதிவேடே இல்லாத இடங்களில் என்ன செய்வது? வட ஆப்பிரிக்கக் கரையில் எத்தனையோ சதுப்புகளில் அளவுக் கிணறும் இல்லை, பறவைக் கணக்கும் தொடர்ச்சியாக இல்லை. ஐரோப்பிய விண்வெளி முகமையின் குளோப்வெட்லேண்ட்-2 திட்டம் தெற்கு, கிழக்குக் கரைகளில் சுமார் 200 இடங்களை 1975, 1990, 2005 என்று மூன்று காலத்துக்கு வரைந்து வைத்திருக்கிறது. பல இடங்களில் முன்பு எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட்டால் காட்ட ஒன்றும் இல்லை. கிணற்றடி அவர்களே, அங்கே உங்கள் கயிறு விடும் ஆளை முதலில் எந்த இடத்துக்கு அனுப்புவீர்கள்? எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?

கிணற்றடி:
1975இல் பெரிதாக இருந்து 2005இல் சுருங்கிய இடத்துக்கு. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2005க்குப் பிறகும் அதே வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டு ஆளை அனுப்பாமலே இருந்தால் மறுபடியும் இங்கே வந்து இதையேதான் எழுதுவேன்.