எம்.எட். மாணவர்களுக்குக் கணினிப் பாடம்: எல்லையோர வகுப்பறை அனுபவங்கள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழும் மலையாளமும் ஒரே தெருவில் பேசப்படும் பகுதியில், எம்.எட். மாணவர்களுக்கு ஆராய்ச்சி முறையியலும் புள்ளியியலும் கற்பித்து வருகிறேன். அவர்களுக்கென்று தனியாக ஒரு கணினிப் பாடம் வேண்டும் என்று துறைக் கூட்டத்தில் கேட்டு, அதை நடத்தும் பொறுப்பும் என்னிடமே வந்து, மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. இதே முயற்சியில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, வகுப்பில் கண்டவற்றை நம் குழுவில் எழுதுகிறேன். உறுப்பினர்களின் மறுமொழிகளும் கீழே உள்ளன.

கூட்டத்தில் முதலில் எழுந்த கேள்வி நியாயமானது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளை ஒட்டி வந்த பி.எட். பாடத்திட்டத்திலேயே தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அதைப் படித்துத் தேறி வந்தவர்களுக்கு எம்.எட்.டில் மறுபடியும் எதற்கு என்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்டார். பி.எட். மாணவருக்குக் கணினி பாடம் நடத்துவதற்கான துணை, எம்.எட். மாணவருக்கோ, தாம் பள்ளிகளில் திரட்டி வந்த சான்றுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று சோதித்துப் பார்ப்பதற்கான கருவி. இந்த வேறுபாட்டை அன்று எடுத்துச் சொன்னேன். ஜியோஜீப்ராவையும் குறிப்பிட்டேன். கேரளப் பள்ளிப் பிள்ளைகள் முக்கோணமும் வட்டமும் வரைந்து பழகும் அந்த மென்பொருளை மார்க்குஸ் ஹோகன்வார்ட்டர் 2001இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தம் முதுகலை ஆய்வேட்டுக்காகத்தான் உருவாக்கத் தொடங்கினார். எங்கள் மாணவர் எல்லாரும் மென்பொருள் படைக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. முதுகலை ஆய்வு செய்கிறவரின் கையில் கணினி எதுவரை போக முடியும் என்பதை அவர்கள் ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும்.

வகுப்பில் இரண்டு வகை மாணவர்கள் உண்டு. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் கேரளப் பாடத்திட்டத்தில் தமிழ் வழியில் படித்தவர்கள். என்னை டீச்சர் என்று அழைப்பார்கள். பொள்ளாச்சி, கிணத்துக்கடவுப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு நான் மேடம். கேரளத்தில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கி, 2017இல் அது கைட் என்னும் நிறுவனமாக மாறியது. கட்டற்ற மென்பொருளில் பயிற்சி, பத்தாம் வகுப்பில் ஐ.டி. செய்முறைத் தேர்வு என்று பள்ளியிலேயே பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கத்திலோ, மேல்நிலையில் கணினிப் பிரிவு எடுக்காதவர்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. ஆகவே டீச்சர் என்பவர்கள் எளிதில் தேறுவார்கள், மேடம் என்பவர்களுக்குத்தான் கூடுதல் வகுப்பு வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்குத் தவறு. பதினைந்து வயதில் லினக்ஸில் பைத்தான் எழுதித் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய மாணவிகூட, பத்தாண்டு கழித்துத் தம் ஆய்வுக்கான மதிப்பெண்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டிருந்தார். பள்ளியில் படித்தது ஒரு பாடம், இது தம் சொந்த வேலை, இரண்டையும் இணைத்துக் காட்ட யாரும் இல்லை.

முதல் ஆண்டு நானும் உள்ளீட்டுக் கருவிகள், வெளியீட்டுக் கருவிகள், கணினியின் தலைமுறைகள் என்றுதான் தொடங்கினேன். நான்காம் வாரம், மீனாட்சிபுரம் பக்கத்து மாணவி ஒருவர் ஒரு துணிப்பையோடு வந்து நின்றார். மூன்று பள்ளிகளில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 120 பேருக்கு வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் தேர்வு வைத்திருந்தார். மதிப்பெண்களை விரிதாளில் ஏற்றியபின், அதிகத்திலிருந்து குறைவுக்கு அடுக்க நினைத்து, மதிப்பெண் நிரலை, அதாவது மேலிருந்து கீழாகச் செல்லும் அந்தக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிட்டார். பக்கத்து நிரல்களையும் சேர்த்துக்கொள்ளவா என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. சரியாகப் படிக்காமல் ஒன்றை அழுத்திச் சேமித்துவிட்டார். பெயர்கள் இருந்த இடத்திலேயே நிற்க, மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. “டீச்சர், அந்த வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பிள்ளைக்கு நாலு மார்க்குன்னு காட்டுது” என்று அவர் சொன்னபோதுதான் நடந்தது விளங்கியது. அந்தப் பிள்ளையை அவருக்குத் தெரிந்திருக்காவிட்டால், அந்தப் பட்டியலே ஆய்வேட்டில் ஏறியிருக்கும். துணிப்பையில் விடைத்தாள்கள் பத்திரமாக இருந்ததால், இரண்டு நாள் உட்கார்ந்து மறுபடியும் ஏற்றினோம்.

அன்றோடு கணினியின் தலைமுறைகளை நிறுத்தினேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பதினைந்து வாரம், ஒவ்வொரு வகுப்பும் மாணவர்கள் கொண்டுவரும் தாள்களிலிருந்தே தொடங்கும் என்று மாற்றிக்கொண்டோம். முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது மூன்றே செய்திகள்: ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தொடர் எண் வேண்டும், முதலில் ஏற்றிய தாளை யாரும் தொடக்கூடாது, கணக்கெல்லாம் அதன் நகலில்தான்.

இரண்டாம் வாரம் முழுவதும் வெற்றுக் கட்டத்தைப் பற்றியது. ஐந்து பிள்ளைகளில் நால்வர் 12, 15, 18, 9 என்று வாங்கியிருக்க, ஐந்தாமவர் தேர்வன்று வரவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டால் சராசரி 13.5, சுழியம் போட்டால் 10.8. பள்ளிப் பதிவேட்டில் வராதவருக்குச் சுழியம் போட்டுப் பழகிய ஆசிரியர்கள்தாம் எங்கள் மாணவர்கள். ஒரு பள்ளி பின்தங்கியது என்று தாங்கள் எழுதியிருந்த முடிவு, அந்தப் பக்கம் அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் வராமல் போனதால் வந்தது என்று கண்டவுடன் இருவர் தம் அத்தியாயத்தையே திருத்தினார்கள்.

தமிழில் தரவு ஏற்றும்போது வரும் சிக்கல்களை எந்த ஆங்கிலக் கையேட்டிலும் பார்க்க முடியாது. ஒரு மாணவர் வாசிப்பு முறை என்ற நிரலில் உரத்த வாசிப்பு, மௌன வாசிப்பு என்று இரண்டே வகைகளை ஏற்றியிருந்தார். வடிகட்டிப் பார்த்தால் மூன்று வகைகள் தெரிந்தன. பாதி இடங்களில் ஔகாரக் குறியை முறையாக இட்டிருந்தார். மீதி இடங்களில் மெ என்று தட்டி அதன் பக்கத்தில் ள என்ற எழுத்தைச் சேர்த்திருந்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். எழுத்து வேறு, எழுத்தின் உருவம் வேறு என்பதை அந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு மணி நேரம் பேசினோம். டி.டி.பி. கடையில் பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய வினாநிரலைக் கூகுள் படிவத்தில் ஒட்டினால் ஏன் ஆங்கில எழுத்தும் குறியுமாக மாறுகிறது என்பதும் அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. 1999 தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்ததும், 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றதும் அவர்களுக்கு வரலாற்றுச் செய்திகளாக அல்லாமல், தம் வினாநிரல் கெட்டுப்போனதற்கான காரணங்களாகவே மனத்தில் பதிந்தன. மலையாளத்திலும் இதே தொல்லை இருந்தது என்று அந்த வழியில் படித்த ஒரு மாணவர் தம் பழைய கோப்பு ஒன்றைத் திறந்து காட்டினார்.

ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் வினாப் பகுப்பாய்வில் இருக்கிறது. மதிப்பெண் வரிசையில் மேலே 27 விழுக்காட்டினரையும் கீழே 27 விழுக்காட்டினரையும் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு வினாவையும் இரு குழுவிலும் எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்று எண்ணுவது நாம் எல்லாரும் அறிந்த முறை. 370 விடைத்தாள்களைத் தரையில் பரப்பி, மேலே நூறு, கீழே நூறு என்று அடுக்கி எண்ணிய தலைமுறை என்னுடையது. விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு பிள்ளை, ஒரு நிரலுக்கு ஒரு வினா, சரி என்றால் 1, தவறு என்றால் 0 என்று ஏற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தை வினாக்களைப் படிப்பதற்குச் செலவிட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி.

துணிப்பை கொண்டுவந்த மாணவியின் தேர்வையே எடுத்துக்கொண்டோம். 120 பேரில் மேல்குழு 32, கீழ்க்குழு 32. பதினேழாம் வினாவில் மேல்குழுவில் 11 பேரும் கீழ்க்குழுவில் 19 பேரும் சரியாக எழுதியிருந்தார்கள். மேல்குழுவின் எண்ணிலிருந்து கீழ்க்குழுவின் எண்ணைக் கழித்து 32ஆல் வகுத்தால் வரும் பாகுபாட்டுக் குறியீடு −0.25. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் தவறவிட்டு, மற்றவர்கள் சரியாக எழுதிய வினா. விடைக்குறிப்பில் பிழையோ என்று பார்த்தோம், பிழை இல்லை. வினாவை உரக்கப் படிக்கச் சொன்னேன். “ஊருக்குள் வெள்ளம் வந்ததும் மக்கள் வெளியே ஓடி வந்தார்கள். ஏன்?” விடைத்தாள்களைப் புரட்டினால், மேல்குழுப் பிள்ளைகளில் பலர் தண்ணீர் பிடிக்க என்ற விடையைத் தேர்ந்திருந்தார்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதி. ஆழியாற்றுத் தண்ணீருக்கும் லாரித் தண்ணீருக்கும் காத்திருந்து பழகிய ஊர்களில், இரு மொழியும் நன்கறிந்த பிள்ளைக்கு அந்த விடைதான் இயல்பாகத் தோன்றும். வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அந்த வினாவைக் கணினி சுட்டிக் காட்டியிராவிட்டால் 120 தாள்களில் எங்கள் கண்ணுக்கு அது தப்பியிருக்கும். இந்த மண்ணின் பேச்சு தெரியாத ஒருவர் கையில் அது வெறும் கழித்துப் போட வேண்டிய வினா.

மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சோத்கங்கா என்னும் இணையக் களஞ்சியத்தில் ஆய்வேடுகளைத் தேடுவது, சோடேரோ என்னும் மென்பொருளில் மேற்கோள்களைச் சேர்ப்பது, பிறர் எழுத்தோடு பத்து விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஒப்புமைக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள் என்ன சொல்கின்றன என்பது, இவை இரண்டு வாரங்களில் முடிந்துவிடுகின்றன.

வண்டிப்பெரியாற்றிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதுகிறார்:

டீச்சர், நான் தேயிலைத் தோட்டப் பகுதியில் தமிழ் வழிப் பள்ளி ஆசிரியை. வேலையில் இருந்துகொண்டே எம்.எட். முடித்தேன். நான் படித்த இடத்திலும் கணினிப் பாடம் இருந்தது, ஆனால் அது கணினி அறையோடு முடிந்துவிட்டது. வீட்டில் மடிக்கணினி இல்லை, கையில் இருந்தது ஒரு கைப்பேசி மட்டுமே. 2020 சூன் மாதம் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சியில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் இருந்த எங்கள் பிள்ளைகளுக்கு எது சென்று சேர்ந்தது, எது சேரவில்லை என்று ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வைத்தேன். பின்னர் அதுவே என் ஆய்வேட்டுக்குத் தரவாயிற்று. 64 பிள்ளைகளின் விவரத்தையும் கைப்பேசியிலேயே கூகுள் ஷீட்டில் ஏற்றினேன். சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று சேமிப்பேன். சிறிய திரையில் நிரல்கள் நகரும்போது பெயர் மறைந்துவிடும், அடுத்த பிள்ளையின் கட்டத்தில் எண்ணைப் போட்டுவிடுவேன். முதல் நிரலை உறைய வைக்கலாம் என்பதை ஓராண்டு கழித்துத்தான் அறிந்தேன். பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் தயவுசெய்து ஒவ்வொரு பயிற்சியையும் ஒருமுறை கைப்பேசியில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பொள்ளாச்சியிலிருந்து ஓர் உறுப்பினர் எழுதுகிறார்:

முப்பது ஆண்டுகள் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கணினி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாய்மொழித் தேர்வுகளில் நான் கண்டதைப் பதிவு செய்ய வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்னும் புள்ளியியல் மென்பொருளின் திரையில் .000 என்று வந்தால், நிகழ்தகவு சுழியம் என்று அப்படியே ஆய்வேட்டில் எழுதி வருகிறார்கள். 0.001க்கும் குறைவு என்பதைத்தான் அந்தத் திரை மூன்று தசம இடத்துக்குச் சுருக்கிக் காட்டுகிறது என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஐந்தே எண்களுக்குத் திட்ட விலக்கத்தைக் கையால் ஒருமுறை கண்டுபிடித்தவர் அந்தப் பிழையைச் செய்யமாட்டார். விலக்கத்தை ஏன் வர்க்கப்படுத்துகிறோம், ஏன் மூலம் காண்கிறோம் என்பது அவர் விரல்களுக்குத் தெரியும். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளின் திருட்டுப் படிகளை மாணவர்களுக்குக் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆர், ஜாஸ்ப் என்னும் புள்ளியியல் மென்பொருள்கள் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன, ஓர் எம்.எட். ஆய்வேட்டுக்கு அவற்றில் இல்லாதது ஒன்றும் இல்லை.

முதலில் எழுதியவரின் மறுமொழி:

ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு சூத்திரத்தையும் ஐந்து எண்களுக்குக் கையால் செய்து, அதே எண்களைத் தாளில் இட்டு, விடை ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகே பெரிய தரவுக்குப் போகிறோம். எக்செல்லில் திட்ட விலக்கத்துக்கு இரண்டு கட்டளைகள் இருப்பதும், ஒன்று எண்ணிக்கையாலும் மற்றொன்று எண்ணிக்கையில் ஒன்று குறைத்தும் வகுப்பதும் அப்படித்தான் வெளியே வந்தது. கையில் ஒரு விடை, திரையில் வேறு விடை என்று வகுப்பே குழம்பியது நல்ல பாடமாக அமைந்தது.

வண்டிப்பெரியாற்றுச் சகோதரி எழுதியதைப் படித்த அன்றே, பதினைந்து வாரப் பயிற்சிகளையும் என் கைப்பேசியில் செய்து பார்த்தேன். நான்கு பயிற்சிகள் கைப்பேசியில் நடக்கவில்லை. அவற்றில் மூன்றை மாற்றிவிட்டேன். நான்காவது ஜாஸ்ப் சார்ந்தது. அதற்கு மட்டும் கல்லூரிக் கணினி அறையைச் சனிக்கிழமைகளில் திறந்து வைக்க முதல்வரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்.

பதினேழாம் வினா என்ன ஆயிற்று என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். அந்த மாணவி அதை நீக்கவில்லை. “ஆற்றில் கரை புரண்டு வந்த வெள்ளம் ஊருக்குள் புகுந்தது” என்று தொடரை மாற்றி, அதே எண்ணிக்கையுள்ள வேறொரு குழுவிடம் கொடுத்தார். இம்முறை மேல்குழுவில் 26 பேர், கீழ்க்குழுவில் 13 பேர் சரியாக எழுதினார்கள், குறியீடு 0.41. பழைய வினா, புதிய வினா, இரண்டின் எண்கள், இடையே நடந்தது என்ன என்ற விளக்கம், இவை அவருடைய ஆய்வேட்டில் தனியாக ஆறு பக்கங்கள்.