உதவி: அழுத்தம் கூட்டியும் பட்டை இடைவெளி மூடவே மாட்டேன் என்கிறது

டர்பன்_கயல்:
எல்லோருக்கும் வணக்கம். குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். பிஸ்மத் டெல்லூரியம் அயோடைடு என்ற அடுக்குப் படிகத்தை அழுத்தினால் அதன் பட்டை இடைவெளி (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி) மூடி, மறுபடி திறந்து, டோபாலஜிகல் இன்சுலேட்டராகிவிடும் (உள்ளே மின்காப்பு, மேற்பரப்பில் மின்கடத்தல்) என்று 2012-இல் கணித்தார்கள். அதை நானே குவாண்டம் எஸ்பிரெசோ என்ற கணக்கீட்டு மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன். ஸ்பின்-ஆர்பிட் பிணைப்பும் (எலக்ட்ரானின் சுழற்சிக்கும் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பு) சேர்த்தாயிற்று. விசி-ரிலாக்ஸில் (கொடுத்த அழுத்தத்துக்கு ஏற்பப் படிகத்தின் அளவைச் சரிசெய்யும் கணக்கு) பிரஸ் என்ற அழுத்த மதிப்பு 1 முதல் 5 ஜிகாபாஸ்கல் வரை. ஐந்து இரவு லேப்டாப் ஓடியது. எலக்ட்ரானின் உந்த வெளியில் காமா–எம்–கே என்ற புள்ளிகள் வழியே பட்டைகளை வரைந்தால் ஐந்து படமும் ஏறக்குறைய ஒன்றுதான். தைப்பூசக் காவடிக்குள் மேற்பார்வையாளரிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

லெனேசியா_அண்ணன்:
தங்கச்சி, வெளியீட்டுக் கோப்பைத் திற. கடைசி ஸ்ட்ரெஸ் அட்டவணைக்கு மேலே அழுத்தம் எவ்வளவு, எந்த அலகில் என்று பார்.

டர்பன்_கயல்:
5.00. பக்கத்தில் கிலோபார்... ஐயோ!

லெனேசியா_அண்ணன்:
அதேதான். 1 ஜிகாபாஸ்கல் என்றால் 10 கிலோபார். நீ அரை ஜிகாபாஸ்கலைத் தாண்டவே இல்லை. 10, 20, 30 என்று கொடு.

இன்னொன்று, பாதை. இதில் முக்கியமான சங்கதி காமாவில் இல்லை, ஏ புள்ளியைச் சுற்றித்தான். அதிலும் ராஷ்பா பிளவு (சுழற்சியைப் பொறுத்துப் பட்டைகள் பிரிவது) பெரிதாக இருப்பதால், இடைவெளி மிகக் குறையும் இடம் சரியாக ஏ-யில் விழாது, ஏ-யிலிருந்து எச் பக்கம் சற்றுத் தள்ளி விழும். எச்–ஏ–எல் பாதையில் புள்ளிகளை நெருக்கமாக வை.

அப்புறம், டெல்லூரியம்–பிஸ்மத்–அயோடின் அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது வான் டெர் வால்ஸ் விசை. வெறும் பிபிஇ (எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகக் கணிக்கும் ஒரு ஃபங்ஷனல்) போட்டால் அடுக்குகள் தேவைக்கு மேல் விலகி நிற்கும், மாற்றம் நிகழும் அழுத்தமும் தள்ளிப்போகும். அந்த விசையைக் கணக்கில் எடுக்கும் டி3 திருத்தம் சேர். 8–9 ஜிகாபாஸ்கலில் படிக அமைப்பே மாறிவிடும், அங்கே போகாதே.

டர்பன்_கயல்:
நன்றி அண்ணா! நேற்றிரவு திரும்ப ஓட்டினேன். இடைவெளி சுருங்கிச் சுருங்கி மூடியது, பிறகு திறந்தது. திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டோபாலஜிகல் ஆகிவிட்டது என்று எழுதிவிடலாமா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_வாசகி:
அவசரப்படாதே கண்ணு. திறந்தது என்பது மட்டும் சாட்சி ஆகாது. இந்தப் படிகத்துக்குத் தலைகீழ்ச் சமச்சீர் (ஒரு மையத்தைச் சுற்றித் தலைகீழாக்கினாலும் மாறாமை) கிடையாது, அதனால் பாரிட்டியை (அப்படித் தலைகீழாக்கும்போது அலைச்சார்பின் குறி மாறுகிறதா என்பதை) எண்ணி முடிவு சொல்லும் சுலப வழி இங்கே நடக்காது. வானியர் மின்சுமை மையங்கள் (எலக்ட்ரான் மின்சுமையின் சராசரி இடங்கள்) எப்படி நகர்கின்றன என்று பார்த்து, டோபாலஜிகலா இல்லையா என்று சொல்லும் இசட்-2 எண்ணைக் கணக்கிடு.

சமச்சீர் இல்லாததால் இன்னொரு விஷயமும் உண்டு. மூடுவதற்கும் திறப்பதற்கும் நடுவே, குறுகிய ஓர் அழுத்த வீச்சில் இது வெய்ல் (Weyl) அரைஉலோகமாக (பட்டைகள் தனிப்புள்ளிகளில் மட்டும் தொடும் நிலை) நிற்க வேண்டும். 10 கிலோபார் தாவலில் அது கண்ணில் படவே படாது. மூடிய இடத்தைச் சுற்றி 1 கிலோபார் படியில் போ. 2013-இல் அகச்சிவப்பு, எக்ஸ்-கதிர் சோதனைகளில் மாற்றத்தை 2.0–2.9 ஜிகாபாஸ்கலுக்குள் பார்த்தார்கள். உன் எண் கொஞ்சம் விலகினால் கலங்காதே, ஃபங்ஷனலைப் பொறுத்து அது நகரும்.

டர்பன்_கயல்:
சரி அக்கா. 1 கிலோபார் படிக்கு லேப்டாப் தாங்காது. கேப் டவுனில் உள்ள சிஎச்பிசி என்ற உயர்திறன் கணினி மையத்தில் நேரம் கேட்டு இன்றைக்கே விண்ணப்பிக்கிறேன்.