ரப்பர் படகுக் கையேடு: ‘கில் கார்டு’க்குத் தமிழில் என்ன?

> ‘உயிர்க்கயிறு’ என்று வைத்துக்கொள்ளலாமா? சின்னதாக இருக்கிறது, பாதுகாப்பு என்ற பொருளும் வந்துவிடுகிறது.

ஐயா, வணக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பர் படகின் பக்கக் குழாய்களைச் சுற்றித் தொங்கலாக ஒரு கயிறு ஓடும் இல்லையா, தண்ணீரில் விழுந்தவர் பற்றிக்கொள்வதற்கு? உயிர்க்கயிறு என்றால் படிப்பவர் கை அதைத்தான் தேடும்.

நாம் பெயர் தேடும் ‘கில் கார்டு’ வேறொன்று. பழைய டெலிபோன் வயர் மாதிரி சுருள் சுருளாக இருக்கும். ஒரு முனையை ஓட்டுபவர் தொடையிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்வார். மறுமுனையில் உள்ள பிளாஸ்டிக் கவ்வி, அவுட்போர்டு இஞ்சினின் (படகின் பின்பக்கம் வெளியே மாட்டுவது) நிறுத்தும் பொத்தானுக்கு அடியில் செருகியிருக்கும். ஆள் தூக்கியெறியப்பட்டால் கவ்வி கழன்றுவரும், இஞ்சின் நின்றுவிடும்.

இதை மாட்டாமல் விட்டதால் நடந்தது ஒன்று உண்டு. 2013 மே மாதம், இங்கிலாந்தின் பாட்ஸ்டோ அருகே, அடி கெட்டியாகவும் பக்கம் காற்றடைத்தும் இருக்கும் வகைப் படகிலிருந்து ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். ஆளில்லாத படகு வட்டமடித்து வந்து அவர்கள் மேலேயே மோதியது. இருவர் இறந்தார்கள். ஓட்டியவர் உடம்பில் அந்தக் கயிறு மாட்டியிருக்கவில்லை.

> ‘இழுகயிறு’ எப்படி?

வேண்டவே வேண்டாம். சின்ன அவுட்போர்டை ஸ்டார்ட் செய்வதே ஒரு கயிற்றை இழுத்துத்தான். ஓட வைப்பதற்கும் நிற்க வைப்பதற்கும் ஒரே பெயர் என்றால் கையேடு எதற்கு?

‘அணைப்புக் கயிறு’ என்றால் கட்டிப்பிடிக்கிற நினைப்பு வருகிறது. வார் என்று முடித்து ‘நிறுத்துவார்’ என்றால், யார் நிறுத்துவார் என்று கேட்பார்கள்!

என் வாக்கு ‘நிறுத்துகயிறு’க்கு. வினைத்தொகை, ஒற்று மிகாது. வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்:

“இஞ்சினை ஸ்டார்ட் செய்யுமுன் நிறுத்துகயிற்றை மாட்டிக்கொள்ளவும். கரையை விட்டு விலகுமுன் ஒருமுறை கழற்றி, இஞ்சின் நிற்கிறதா என்று பார்க்கவும். வெயிலிலும் உப்பிலும் வெடித்துப்போன நிறுத்துகயிற்றை மாற்றவும். உபரியாக ஒன்று படகிலேயே இருக்கட்டும்.”

அந்தக் கடைசி வரியை யாரும் வெட்டிவிடாதீர்கள். ஓட்டுபவர் கயிற்றோடு விழுந்துவிட்டால், படகில் மிச்சமிருப்பவர் இஞ்சினை மறுபடி ஓட்டி அவரைத் தூக்கப்போக இன்னொரு கவ்வி வேண்டும்.

> குழாய்க்குள் இருக்கும் தடுப்புகளால் பிரிந்த பகுதிகள்?

‘அறை’ போதும். ஒன்று கிழிந்தாலும் மற்றவை மிதக்க வைக்கும் என்பது அதிலேயே புரிகிறது. ஆனால் ‘ஓர் அறையை முழுதாக நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போகவும்’ என்று வரைவில் இருப்பது தப்பு. தடுப்பு ஒரு பக்கமாக இழுபடும். எல்லா அறைகளையும் முதலில் பாதியளவு நிரப்பி, அப்புறம் சுற்றிவந்து முழு அழுத்தத்துக்குக் கொண்டுவர வேண்டும். நடுப்பகல் வெயிலில் கரையில் கிடந்தால் உள்ளே அழுத்தம் ஏறும், கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும்; குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் குழாய் தொய்யும், மறுபடி அடிக்க வேண்டும். இதையும் அங்கேயே சேர்த்துவிடலாம்.

குழாய் செய்யும் துணிகளின் பெயர்களான பி.வி.சி., ஹைப்பலான் இரண்டையும் தமிழாக்காமல் விட்டுவிடுவோம். ஒட்டுப்போட வாங்கும் பசை துணிக்குத் துணி வேறு. கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.