பெற்றோல் விலை திரும்ப ஏறினா யாழ்ப்பாணம் சைக்கிளுக்குத் திரும்புமோ?

நெல்லியடியான்:
எல்லாருக்கும் வணக்கம். காலமை செட்டில பெற்றோல் அடிக்கேக்க பக்கத்தில நிண்ட ஐயா ஒருத்தர் "திரும்பவும் 2022 மாதிரி தட்டுப்பாடு வந்தா என்ன செய்யிறது தம்பி" எண்டு கேட்டார், அதில இருந்து மண்டைக்குள்ள இதுதான் ஓடுது. 2022 தை மாசம் 92 பெற்றோல் 177 ரூபா. ஆனி கடைசியில 470. ஆறே மாசம். நான் நெல்லியடியில இருந்து டவுணுக்கு வேலைக்குப் போறனான், போய்வர 50 கிலோமீற்றர் மட்டில வரும். கியூஆர் கோட் காட்டிப் பெற்றோல் பங்கிட்டுத் தந்த நேரம் மோட்டச்சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர்தான், என்ர பைக் லீற்றருக்கு 45 ஓடும், அப்ப மூண்டரை நாளோட முடிஞ்சுது, மிச்ச நாளெல்லாம் 750ஆம் நம்பர் பஸ். ஆனா அந்த மாசங்களில றோட்டை ஆராவது வடிவாப் பாத்தனீங்களோ? வங்கி மனேச்சரும் சைக்கிள், ரீச்சரும் சைக்கிள். இப்ப பாத்தா ஒரு வீட்டில மூண்டு பைக் நிக்குது, அரைக் கிலோமீற்றரில இருக்கிற கடைக்குப் பாண் வாங்கப் போறதெண்டாலும் ஸ்கூட்டிதான். என்ர கருத்து, விலை ஏறுறது கஷ்டம்தான், ஆனா எங்களைத் திருத்தும். பஸ்ஸுக்கும் சைக்கிளுக்கும் திரும்பக் கொண்டுபோய் விடும். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?

குருநகர்க்கடல்:
திருத்தும் எண்டு சொல்லேக்க ஆரைத் திருத்தும் எண்டும் சொல்லுங்கோ தம்பி. 2022 ஆவணியில மண்ணெண்ணெய் லீற்றர் 87இல இருந்து ஒரே நாளில 340 ஆச்சு. அதில ஓடுறது எங்கட போட்டுகள். கடலுக்கு பஸ் போகாது. அதோட நிக்கேல்ல, கரையில மீன் எடுத்து பைக்கில பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குள்ள போற ஆக்கள் சுன்னாகம், கொடிகாமம் எண்டு ஓடுறவை, பெற்றோல் இல்லாமல் வரேல்ல. பிடிச்ச மீனை வந்த விலைக்குக் குடுத்தம். உங்களுக்கு அது மூண்டரை நாள் கணக்கு, எங்களுக்கு அண்டைக்கு அடுப்பு எரியிறதோ இல்லையோ எண்ட கணக்கு.

நெல்லியடியான்:
அண்ணை நீங்கள் சொல்லுறது சரி, தொழிலுக்கு ஓடுறதை நான் சொல்லேல்ல. கடற்தொழிலுக்கும் விவசாயத்துக்கும் மானியம் குடுக்கத்தான் வேணும். நான் சொல்லுறது எங்களை மாதிரி ஒபிஸுக்கும் ரியூசனுக்கும் கடைக்கும் போற ஆக்களை.

பழையலுமாலா:
பிள்ளையள், நான் அறுபதைத் தாண்டினவன், ரண்டு பஞ்சமும் பாத்தனான். 1990 ஆனியில சண்டை தொடங்கி பொருளாதாரத் தடை வந்தாப் பிறகு பெற்றோல் எண்ட சாமானையே காணேலாது. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில ஓடினது. கொஞ்சூண்டு பெற்றோலைக் காபுரேற்றருக்க விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாக மண்ணெண்ணெய்க்கு மாத்திவிடுறது, போற வழியெல்லாம் வெள்ளைப் புகை, கண் எரியும். மிச்சமெல்லாம் சைக்கிள்தான். விறகு, நெல்லு மூட்டை, கலியாணப் பொம்பிளை, வருத்தக்காரர் எல்லாம் கரியரில வந்தது. சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டம். அப்ப எங்களிட்ட இருந்த திறமை பெரிய திறமைதான், நான் மறுக்கேல்ல. ஆனா ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, 2002இல சண்டை நிண்டு ஏ9 பாதை திறந்த உடனயே சனம் பைக்குக்குப் பாய்ஞ்சது, 2009க்குப் பிறகு லீசிங்காரர் வந்து கையெழுத்தை வாங்கிக்கொண்டு பைக்கைக் குடுத்தாங்கள், சைக்கிள் மாட்டுக்கொட்டிலுக்க போட்டுது. 2022இல திரும்ப எடுத்து செயினுக்கு எண்ணெய் விட்டம், கியூ குறைய திரும்பவும் கொட்டில். ரண்டு தரமும் இதே கதைதான். வழியில்லாமல் செய்த ஒண்டை வழி வந்தாப் பிறகு ஆரும் செய்யமாட்டினம். என்ர லுமாலா சைக்கிள் இப்பவும் இருக்குது, நான் ஓடுறன், அது எனக்கு விருப்பம். விலையால வந்த விருப்பமில்லை.

மின்னல்பெடியன்:
ஐயா, அண்ணை, ஏன் எல்லாரும் பின்னுக்கே பாக்கிறீங்கள்? 2025 மாசியில வாகன இறக்குமதி திறந்தாச்சு, எலக்ரிக் ஸ்கூட்டி வருது. ஒருக்கா சாஜ் பண்ண ரண்டு மூண்டு யூனிற்தான் போகும், டவுணுக்குள்ள ஓடுற ஆளுக்கு ரண்டு நாளைக்குக் காணும். எங்கட ஊர் வெயிலுக்கு கூரையில சோலார் போட்டா பெற்றோல் என்ன விலைக்குப் போனாலும் பரவாயில்லை.

கொக்குவில்ஓட்டோ:
தம்பி 2022 பங்குனியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது மறந்துட்டுதோ? அதுவும் டீசல் வாங்க டொலர் இல்லாமல்தான். பிறகு அந்த ஆவணியில கரண்ட் கட்டணம் 75 வீதம் ஏறினது, 2023 மாசியில திரும்ப 66 வீதம். சோலார் போட முதல் காசு வேணும், கூரை சொந்தமா இருக்கவேணும், நான் வாடகை வீடு. எனக்கு கிழமைக்கு 5 லீற்றர் தந்தவங்கள், ரண்டு இரவு கியூவில ஓட்டோக்குள்ளயே படுத்தனான். கூலியைக் கூட்டினா சனம் ஏறாது, கூட்டாட்டி எனக்கு மிஞ்சாது. ஸ்கூலுக்கு ஏத்தின பிள்ளையளில பாதிப்பேர் நிண்டுட்டினம், ஒரு தாய் ரண்டு பிள்ளையளை சைக்கிளில முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு வைச்சு அந்தக் கொதிக்கிற வெயிலுக்க உழக்கிக்கொண்டு போறதைப் பாத்து மனம் சரியில்லாமல் போச்சு.

மின்னல்பெடியன்:
கரண்ட் கதை சரி அண்ணை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா பெற்றோல் முழுக்க வெளியில இருந்துதான் வருது, டொலர் 200இல இருந்து 360க்குப் போன உடனயே நாங்கள் விழுந்தம். வெயில் அப்பிடி இல்லை. வாடகை வீட்டுக்காரருக்கு டவுணுக்குள்ள சாஜ் பண்ணுற இடம் வேணும் எண்டு கேக்கிறதுதான் சரி, வேண்டாம் எண்டு விடுறது சரியில்லை.

சாவகச்சேரித்தாதி:
நான் ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். நெல்லியடியான் அண்ணா, உங்கட முதல் பதிவை வாசிச்சு எனக்குக் கோவம்தான் வந்தது, அதால எழுதுறன். எனக்கு இரவு டியூட்டி இருக்குது, பின்னேர டியூட்டி முடிஞ்சு வெளிக்கிடேக்கயும் இருட்டிப் போடும். வீடு 16 கிலோமீற்றர், அதுவும் ஏ9 றோட்டால, லொறியும் சொகுசு பஸ்ஸும் பறக்கிற றோட்டு, கைதடிப் பக்கம் ரண்டு பக்கமும் வெளி, ஒரு லைற் இல்லாத துண்டுகள் இருக்குது. இதில ஒரு பொம்பிளை ஒன்பது மணிக்கு சைக்கிளில போகலாம் எண்டு சொல்லுவீங்களோ? பஸ் எண்டா, இருட்டினாப் பிறகு எப்ப வரும் எண்டு ஆருக்கும் தெரியாது, தனியப் பொம்பிளையள் கை காட்டினா நிப்பாட்டாமல் போனதும் எனக்கு நடந்திருக்கு. 2022இல எங்களுக்கு எண்டு தனி லைன் விட்டவை, அந்த லைனில நிண்டதுக்காக முகத்துக்கு நேர ஏசினவையும் இருக்கினம், அவையும் மூண்டு நாள் நிண்ட ஆக்கள், நான் அவையில பிழை சொல்லேல்ல. நான் ஸ்கூட்டி வாங்கினது ஆடம்பரத்துக்கில்லை. அந்த ஸ்கூட்டிதான் என்னை வேலையில வைச்சிருக்குது. விலை 470க்குப் போனா நான் சைக்கிளுக்கு மாறமாட்டன், சாப்பாட்டில குறைப்பன், பிள்ளையின்ர ரியூசனை ஒண்டு நிப்பாட்டுவன், பெற்றோல் அடிப்பன். விலையால சனம் மாறும் எண்டு சொல்லுறவை இதையும் கணக்கில எடுக்கவேணும்.

குருநகர்க்கடல்:
தங்கச்சி சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்டுமில்லை.

நெல்லியடியான்:
அக்கா, நீங்கள் சொன்னதை ரண்டு தரம் வாசிச்சன். நான் பகல் வேலைக்காரன், ஆம்பிளை, அதால இதை யோசிக்கேல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா நான் சொன்னதில பாதியை விடமாட்டன். டவுணைச் சுத்தி ஐஞ்சு கிலோமீற்றருக்குள்ள, திருநெல்வேலி, கொக்குவில், நல்லூர், அரியாலை, இதுக்குள்ள பகலில ஓடுற பைக்கில பாதி தேவையில்லாதது. மேடு பள்ளமில்லாத ஊர், இப்பிடி சைக்கிளுக்கெண்டு அமைஞ்ச நிலம் எல்லா இடமும் இல்லை. தேவையில்லாமல் எரிக்கிற ஆக்கள் குறைச்சா அடுத்த தட்டுப்பாட்டில உங்களுக்கும் குருநகர் அண்ணைக்கும் கிடைக்கிறது கூடும். இதையும் பிழை எண்டு சொல்லுவீங்களோ?

சாவகச்சேரித்தாதி:
இல்லை, அது பிழையில்லை. ஆனா அது விலையால நடக்காது எண்டுதான் சொல்லுறன். விலை ஏறினா காசுள்ளவன் பாண் வாங்க அப்பவும் ஸ்கூட்டியிலதான் போவான், இல்லாதவன்தான் நடப்பான். அந்த 4 லீற்றர் எல்லாருக்கும் ஒரே அளவு எண்டதால அண்டைக்கு மனேச்சரும் சைக்கிள் ஓடினவர். நீங்கள் றோட்டில பாத்தது விலையின்ர வேலை இல்லை அண்ணா, பங்கீட்டின்ர வேலை.

பழையலுமாலா:
பிள்ளை சொன்னது நூறு வீதம். தொண்ணூறிலயும் அப்பிடித்தான், காசிருந்தவனும் சைக்கிள்தான், ஏனெண்டா வாங்க சாமான் இல்லை.

கொக்குவில்ஓட்டோ:
ஒண்டு சொல்லவேணும். 2022இல நான் பிழைச்சது எப்பிடியெண்டா, ஒரே ஒழுங்கையில இருந்த நாலு பேரைச் சேத்து காலமை ஆஸ்பத்திரியடிக்கு ஒரு ஓட்டம், பின்னேரம் திரும்ப ஒரு ஓட்டம். ஆளுக்குக் கொஞ்சம், எனக்கும் காணும். கியூஆர் நிப்பாட்டின உடன அதுவும் நிண்டுட்டுது, ஆளுக்கொரு பைக் எடுத்திட்டினம். இப்பவும் ஆரும் சேர்ந்தா நான் ஓடுவன். தாதி அக்கா மாதிரி டியூட்டி முடிஞ்சு ஒரே நேரத்தில வெளிக்கிடுறவை நாலு பேர் இருந்தா சாவகச்சேரிக்கும் வருவன்.

நெல்லியடியான்:
அப்பிடியெண்டா, இதைக் கேட்டு எழுதினா என்ன? இருட்டினாப் பிறகு பஸ் எந்த நேரம் எண்டு ஹோல்ற்றில எழுதிப் போடவேணும், ஆஸ்பத்திரி டியூட்டி மாறுற நேரத்துக்கு ஒரு பஸ் ஏ9ஆல, ஒண்டு பருத்தித்துறைப் பக்கம், பெரிய சந்தியளில சைக்கிளைப் பூட்டி விட்டிட்டு பஸ் ஏற நிழலோட ஒரு தரிப்பிடம். விலை ஏற முதல் கேட்டாத்தான் உண்டு, ஏறினாப் பிறகு எல்லாரும் கியூவிலதான் நிப்பம். கடிதத்தை நான் எழுதுறன். அக்கா, உங்கட டியூட்டி மாறுற நேரங்களை மட்டும் ஒருக்கா அனுப்புவீங்களோ?

சாவகச்சேரித்தாதி:
காலமை 7, மத்தியானம் 1, பின்னேரம் 7. ஏழு மணிக்கு முடியிறதெண்டாலும் வெளிக்கிட ஏழரை தாண்டும், சில நாள் எட்டும் ஆகும். அதால பஸ் எட்டேகாலுக்கு எண்டு எழுதுங்கோ, ஏழு மணிக்கு எண்டு எழுதினா எங்களுக்குப் பிரயோசனமில்லை.